பேட்ஜர் முடிதானுங்களா?

ஷேவிங் பிரஷ் விற்பது என்பது, அடுத்தவர் கன்னத்தில் குத்தாது என்று நம் வாயால் உறுதி கொடுக்கிற தொழில். 'தைரியமா எடுத்துட்டுப் போங்க, நான் இருக்கேன்' என்று ஒரு முறையாவது சொல்லிவிட்டுப் பிறகு அந்த வார்த்தையைத் திரும்ப வாங்க அலைந்தவர்கள், எந்தக் கடையில் நின்றாலும் என் சொந்தக்காரர்கள்தான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கடை திருப்பூரில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி. சலூன்காரர்களுக்கு வேண்டிய கத்தரி, சீப்பு, பிளேடு, கிரீம் எல்லாம் இருக்கும். வேறு ஊரில் பிரஷை எடுத்துக் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து வாங்கிப் போய்விடுவார்கள். இங்கே வருகிறவர்கள் பனியன்காரர்கள். கையில் எதைக் கொடுத்தாலும் இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். அந்த விரல்களைப் பற்றி நான் பெருமையாகத்தான் பேசப் போகிறேன், அவை என் மானத்தை வாங்கினவை என்றாலும்.

ஜிஎஸ்எம்

என் கடைக்குள் பேட்ஜரைக் கொண்டுவந்தவர் ஒரு எக்ஸ்போர்ட்டர். வெளிநாட்டுக்கு சாம்பிள் எடுத்துக்கொண்டு போன இடத்தில், விமான நிலையக் கடையில் இந்தப் பிரஷைப் பார்த்திருக்கிறார். பேட்ஜர் என்பது குளிர்தேசத்தில் வளை தோண்டி வாழும் ஒரு பிராணி, அதன் முடி தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும், கன்னத்தில் பஞ்சு போலப் படியும் என்றெல்லாம் எனக்கே பாடம் எடுத்தார். அவரிடம் சரக்கு வாங்குகிற ஜெர்மனி பையர் ஒருவர் திருப்பூர் வரப்போகிறாராம், அவருக்கு ஒன்று பரிசு கொடுக்க வேண்டுமாம்.

மும்பை மொத்த வியாபாரி ஒருவரிடம் சொல்லி ஒரு பெட்டி வரவழைத்தேன். பெட்டியின் மேல் 'அசல் பேட்ஜர்' என்று தங்க எழுத்து. நுனி வெள்ளை, நடுவில் கறுப்புப் பட்டை, அடியில் மறுபடி வெள்ளை. பார்க்கவே ராஜகளை. எக்ஸ்போர்ட்டர் முடிக்கற்றையை விரித்தார், ஊதினார், உள்ளங்கையில் அழுத்தினார், விட்டார். எவ்வளவு அடர்த்தி என்று தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு. துணியின் கனத்தைச் சொல்ல இந்த ஊரில் ஒரே அளவுதான் உண்டு, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. அந்த வழக்கத்தில் தலையை நிமிர்த்திக் கேட்டார்:

"ஏனுங்ணா, இது ஜிஎஸ்எம் எத்தனைங்க?"

தீக்குச்சி

அடுத்து வந்தவர் சாமளாபுரத்தில் தறி ஓட்டுகிறவர். பேட்ஜர் என்று நான் சொன்னதற்கு, 'இருக்கட்டுங்க' என்று மட்டும் சொன்னார். பிரஷிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, என் கல்லா மேலேயே கொளுத்திவிட்டார்! நூல் காட்டனா பாலியஸ்டரா என்று பார்க்க இங்கே எல்லோரும் செய்கிற வேலைதான். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசம் வரும், பாலியஸ்டர், நைலான் எல்லாம் உருகி உருண்டையாகிவிடும்.

முடி சுருண்டு, பொசுங்கி, மூக்கைத் துளைத்தது. கடையில் நின்ற மூன்று பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் மட்டும் கண்ணை மூடி ஆழ்ந்து முகர்ந்தார். அந்தத் தோரணையைப் பார்த்து நான் சொக்கிப்போனேன். அன்றிலிருந்து என் கல்லாவிலும் ஒரு தீப்பெட்டி ஏறிக்கொண்டது. யார் சந்தேகப்பட்டாலும் ஒரு முடியைக் கொளுத்திக் காட்டிவிட்டு, அவர் அன்று கொடுத்த தீர்ப்பையே நானும் சொல்வேன்:

"அசல் முடிங்க. பொசுங்கற வாசமே சொல்லுதுங்க."

சலீம் பாய்

சலீம் பாய் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். ஆயிரக்கணக்கான ஊசிகள் வட்டமாகச் சுற்றுகிற மெஷினில், எந்த ஊசி கோணலென்று துணியைத் தடவியே சொல்லிவிடுவார். என் கடையில் பிளேடும் கிரீமும் வாங்குவார், பிரஷ் மட்டும் வாங்கமாட்டார். சாதாரண பிரஷ்களில் பெரும்பாலும் பன்றி முடிதான் என்பது அவருக்குத் தெரியும். அது அவர்களுக்கு ஆகாது. இத்தனை வருஷமும் கையாலேயே நுரை போட்டுக்கொண்டிருந்த மனிதர்.

அவரிடம் நானே போய் வலிய விற்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'பாய், இது பேட்ஜருங்க, பன்னி இல்லீங்க' என்றேன். 'உறுதியாத் தெரியுமுங்களா?' என்றார். உடனே தீக்குச்சியைக் கிழித்தேன். அவர் புகையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அப்போது ஒரு சந்தேகமும் இல்லை, அதனால் என் முகமும் நன்றாகவே இருந்திருக்கும். பிரஷை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"நீங்க சொன்னாச் சரிங்க. இனி இதைப் பத்தி நான் கேக்க மாட்டேன்."

வெள்ளைத் துணி

அதற்குப் பிறகு ஒரு டையிங் மாஸ்டர் வந்தார். சாயப்பட்டறையில் காலம் கழித்தவர், நகக்கண்ணில் நீலம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. நான் வழக்கம்போலத் தீப்பெட்டியை எடுக்க, 'அதெல்லாம் வேண்டாங்க' என்று தடுத்தார். முடியின் கறுப்புப் பட்டையையே உற்றுப் பார்த்தார். எல்லா முடியிலும் பட்டை ஒரே உயரத்தில், ஸ்கேல் வைத்தது போல இருக்கிறதே, எந்தப் பிராணிக்கு அப்படி முளைக்கும் என்று கேட்டார். இத்தனை நாள் நான் அதைத்தான் ராஜகளை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளைப் பனியன் துணி ஒரு துண்டு கேட்டார். நனைத்தார், பிழிந்தார், விரலில் சுற்றிக்கொண்டு அந்தப் பட்டையின் மேல் பத்துத் தடவை தேய்த்தார். சாயம் நிற்கிறதா என்று துணிக்குச் செய்கிற சோதனை அது. துணியில் பழுப்பு ஒட்டியது. இன்னும் பத்துத் தடவை தேய்த்தார். கறுப்பே வந்துவிட்டது. எனக்குச் சலீம் பாயின் முகம்தான் ஞாபகம் வந்தது. மாஸ்டருக்கோ என் கவலை எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. அவருடைய வருத்தம் முழுக்கத் தொழில் வருத்தம்:

"இது சாயம் போட்டதுங்க. அதுவும் நல்லாப் போடலீங்க."

கண்ணாடி

சாயம் போட்டது சரி, அடியில் இருப்பது எதன் முடி? அன்று சாயங்காலமே செல்வி வந்தது என் அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருப்பவர். பிசிறு வெட்டும் சின்னக் கத்தரிகளை என்னிடம்தான் மொத்தமாக எடுப்பார். துணியின் இழை எண்ணுகிற மடக்குக் கண்ணாடி எப்போதும் அவர் பையில் இருக்கும்.

'இதக் கொஞ்சம் பாருங்கம்மா' என்று தங்க எழுத்துப் பெட்டியின் பிரஷையும், அலமாரியில் கிடந்த சாதாரணப் பன்றி முடி பிரஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எது எது என்று சொல்லவில்லை. ஒரு முடியை நுனியிலிருந்து அடிவரை பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார். நுனி இரண்டாக, மூன்றாகப் பிளந்திருப்பதை எனக்கும் காட்டினார். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தையலைப் பார்த்த கண்ணோ, அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவ்வளவு கூர்மையான கண்ணை மெச்ச வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை வந்தது.

"ரெண்டும் ஒரே முடிதாம்ண்ணே. ஒண்ணுக்கு மட்டும் கலரு அடிச்சிருக்காவ."

நிட்டிங் ஹால்

சலீம் பாயிடம் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று தோன்றியதா என்று கேட்பீர்கள். தோன்றியது. அவர்தான் இனி கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாரே! அந்த வார்த்தைதான் என்னை இரவெல்லாம் புரட்டி எடுத்தது. கேட்கமாட்டேன் என்று சொன்னவரிடம் பொய்யாக இருப்பது, கேட்கிறவரிடம் பொய் சொல்வதைவிடக் கேவலம்.

காலையில் அவர் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போனேன். இருபது மெஷின் ஒன்றாக ஓடுகிற ஹால். நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. கிட்டப் போய்ச் சொன்னேன், கையைக் காதில் வைத்தார். குரலை உயர்த்தினேன். அந்த நேரம் பார்த்துத்தானா கரண்டு போக வேண்டும்? மெஷின் எல்லாம் ஒரே மூச்சில் நின்றது. 'பாய், அது பன்னி முடிங்க!' என்று நான் கத்தியது ஹால் முழுக்கக் கேட்டது. தமிழ் தெரியாத பீகார்ப் பையன்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கையிலிருந்த எண்ணெயை வேஸ்ட் துணியில் துடைத்தார். குழாயடிக்குப் போய் முகத்தையும் கையையும் கழுவினார், வெகுநேரம் கழுவினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒரு வசை விழுந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஈர முகத்தோடு திரும்பி வந்து, அமைதியாகச் சொன்னார்:

"பிளாஸ்டிக் பிரஷ் இருந்தாக் குடுங்க. அது ஒருநாளும் தன்னை பேட்ஜர்னு சொல்லிக்காது."

ஜெர்மனி

வாங்கிய மற்றவர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தேன். மும்பைக்காரர் ஃபோன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். மற்ற எல்லோரும் பிரஷைத் திருப்பிக் கொடுத்தார்கள், எக்ஸ்போர்ட்டர் ஒருவரைத் தவிர. விஷயத்தைச் சொன்னதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்:

"அதைப் பையருக்குக் குடுத்தாச்சுங்ணா. 'பிரமாதம்'னு மெயில் போட்டிருக்காருங்க. அங்க மட்டும் போய்ச் சொல்லீராதீங்க."

மறுபடியும் பேட்ஜர்

நிஜமான பேட்ஜர் வர ஏழெட்டு மாதமாயிற்று. இந்த முறை வேறு ஆள், வேறு ஊர். பெட்டியைப் பிரித்ததும் தங்க எழுத்தை நான் படிக்கவே இல்லை. தீக்குச்சி கிழித்தேன், அது முடியா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும் என்ற புத்தியோடு. ஈரத் துணியால் தேய்த்தேன், துணி வெள்ளையாகவே இருந்தது. கறுப்புப் பட்டை முடிக்கு முடி கொஞ்சம் ஏறி இறங்கித்தான் இருந்தது. செல்வி கண்ணாடியில் பார்த்து, நுனி பிளக்காமல் ஊசியாக இருக்கிறது, நடு பருத்து அடி மெலிந்திருக்கிறது என்றார். நனைத்தால் முதல் சில நாள் ஈர நாயின் வாசம் அடித்தது, அதுவும் நல்ல அடையாளம்தானாம். நானே சோப்புப் போட்டுப் பார்த்தேன். அடடா! கன்னத்தில் அப்படியொரு மென்மையை நான் அதுவரை அறிந்ததில்லை.

ஒன்றை எடுத்துக்கொண்டு அதே நிட்டிங் ஹாலுக்கு, சலீம் பாயிடம் போனேன். தீப்பெட்டி, வெள்ளைத் துணி, தண்ணீர் பாட்டில், செல்வியிடம் இரவல் வாங்கிய கண்ணாடி எல்லாவற்றையும் அவர் டூல் பெட்டி மேல் வரிசையாகப் பரப்பினேன். 'நீங்களே எல்லாம் பாருங்க பாய்' என்றேன். இந்த முறை என் முகத்தை நம்பச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவர் அத்தனையையும் ஒரு ஓரமாகத் தள்ளினார். பிரஷை மட்டும் எடுத்துக் கன்னத்தில் ஒரு முறை தடவிப் பார்த்தார். பிறகு பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"டெஸ்ட் எதுக்குங்க? பன்னி முடின்னு இதே ஹால்ல வந்து கத்துனவருங்க நீங்க."

ஆக, நல்ல பேட்ஜர் பிரஷை வாங்க ஒரு தீக்குச்சியும் ஈரத் துணியும் கண்ணாடியும் போதும். விற்பதற்குத்தான், கரண்டு போன நேரம் பார்த்து ஒரு முறை வாய்விட்டுக் கத்தியிருக்க வேண்டும்.