தீர்த்தம்மாள் வீட்டுப் பின்சுவர்

கோகிலவாணிக்குக் கனவில் சுவர்கள்தான் வரும். சுவர் மெல்லச் சாயும், இவள் இரண்டு கையாலும் தாங்கிப் பிடிப்பாள். விடிந்ததும் கை வலிக்கிறது என்று என்னிடம் வந்து சொல்வாள். "உனக்கு ஒரு புடவை, ஒரு நகை கனவுல வராதாடி?" என்று கேட்பேன்.

நல்லம்பள்ளியில் ஒரு மாடியறையில் நாங்கள் இருவரும் ஆபீஸ் வைத்திருக்கிறோம். வீட்டுக்குப் பிளான் போடுவது என் வேலை. அது நிற்குமா என்று பார்ப்பது வாணியின் வேலை. சுவர் எவ்வளவு தடிமன், தளத்தில் எங்கே எத்தனை கம்பி, கம்பி மேற்பக்கமா கீழ்ப்பக்கமா, எல்லாம் அவள் கணக்கு. கணக்கைத் தொடங்கும் முன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். டீ ஆறி ஆடை கட்டிவிடும், கூப்பிட்டாலும் காதில் விழாது. அப்போது அவள் அந்தத் தளத்துக்குள்ளேயே போய்விடுகிறாள் என்பது என் கட்சி. மேலே ஆள் நடந்தால் எங்கே இழுபடுகிறது, எங்கே நசுங்குகிறது என்று உள்ளேயிருந்து பார்த்துவிட்டு வந்துதான் பேனாவைத் தொடுவாள். கல்யாணத்துக்குப் போனாலும் மணமக்களை விட்டுவிட்டு மண்டபத்துக் கூரையைப் பார்க்கிற பிறவி. எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் அவள் கணக்குப் போட்ட வீட்டில்தான் என் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

தொப்பூர் மலையடியில் சரிவை வெட்டிக் கட்டிய வீடு தீர்த்தம்மாளுடையது. பின்னாலிருக்கும் மண் வீட்டின் மேல் சரியாமலிருக்க ஆளுயரத்தைத் தாண்டி ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பினோம். டிசைன் வாணியுடையது. "மண்ணை நம்பலாம் சாயிரா. அது தள்ளுறது தெரியும், அதுக்குத் தக்கபடி கம்பி போட்டுடலாம். பின்னாடி தண்ணி தேங்கினாத்தான் தாங்காது" என்பாள். மண்ணில் ஊறும் மழைநீர் வடிய, சுவர் நெடுகக் குழாய்த் துண்டுகளைப் பதித்துத் துளை விட்டிருந்தாள்.

போன ஐப்பசியில் தீர்த்தம்மாளின் மகள் பிரியதர்ஷினிக்கு ஏழாம் மாதம். பொம்மிடியில் புகுந்த வீட்டிலிருந்து அழைத்து வந்து, பின்வாசலில் பந்தல் போட்டு வளைகாப்பு நடத்துவதாக ஏற்பாடு. பிரசவம் வரை அவளுக்குப் பின்னறை. அதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட ஒரு காலையில், வேறு சைட்டுக்குப் போகிற வழியில் நானும் வாணியும் எட்டிப் பார்த்தோம்.

சுவருக்குப் பளிச்சென்று வெள்ளையடித்து, நடுவில் பெரிய தாமரை வரைந்திருந்தார்கள். ஒரு துளைகூடக் கண்ணில் படவில்லை. வாணி சுவரைக் கையால் தடவித் துளைகளைத் தேடினாள்.

"அந்தப் பொந்து வழியா பாம்பு வந்துச்சுங்க கண்ணு" என்றார் தீர்த்தம்மாள். "புள்ளத்தாச்சி இருக்கறப்ப பாம்பை அடிக்க முடியுங்களா? அதான் சிமெண்ட் வெச்சு அடைச்சுட்டேன்."

"இன்னைக்கே திறந்துடலாம்மா."

"செவுத்தை இடிக்கறதா! புள்ளத்தாச்சிக்கு மாசம் நெறையற வரைக்கும் இந்த வூட்டுல ஆணிகூட அடிக்க மாட்டோமுங்க. வயித்துப் புள்ளைக்கு ஆகாது."

வாணி ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து நூலில் கட்டிய தூக்குக்குண்டை எடுத்து, சுவரின் மேல் விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிட்டாள். மேலே நூல் சுவரை ஒட்டியிருந்தது, கீழே ஒரு விரல் இடைவெளி. "கட்டினப்ப மேலயும் கீழயும் ஒட்டித்தாம்மா நின்னுச்சு. இப்ப வூட்டுப் பக்கம் சாயுது." உள்ளங்கையைச் சுவரில் பதித்தாள். "விழுந்தா மொதல்ல பின்னறை மேலதான் விழும். எனக்குப் பயமா இருக்கும்மா."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

தீர்த்தம்மாள் நூலையும் பின்னறை ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "இவளப் பெக்கறப்ப வலி எடுத்தும் புள்ள வெளிய வரல. எங்க மாமியா வூட்ல இருந்த பொட்டி, பூட்டு, பானை மூடி எல்லாத்தையும் தொறந்து போட்டாங்க. அப்புறந்தான் பொறந்தா." முந்தானையை இழுத்துச் செருகினார். "அடைச்சு வெக்கறதும் ஆகாதுதானுங்களே. செவுத்துல யாரும் கை வெக்க வேணாம். நான் வெச்ச அடைப்பை நானே எடுக்கறேன்."

கடப்பாரையை அவரே எடுத்து வந்தார். தாமரைக்குக் கீழே முதல் அடைப்பு பெயர்ந்ததும் செந்தண்ணீர் பீறிட்டு அவர் புடவையை நனைத்தது. அடுத்தது, அதற்கடுத்தது. வெள்ளைச் சுவர் முழுக்கச் சிவப்புக் கோடுகள் இறங்கின. தவளை ஒன்று குதித்து வந்து எங்களை முறைத்தது. வாணி ஆள் வைத்து ஒவ்வொரு துளைக்கும் கம்பி வலை கட்டினாள். "இதை மொதல்லயே கட்டியிருக்கணும்மா. என் கணக்குல பாம்பு வரல" என்றாள்.

வளைகாப்பன்றும் மழை. போட்டோக்காரர் கறையை மறைக்கத் திரை கட்டலாமா என்று கேட்டதற்கு, "வேண்டாமுங்க, வடியறது எனக்குத் தெரியணும்" என்றுவிட்டார் தீர்த்தம்மாள். பிரியதர்ஷினி சந்தனக் கன்னத்தோடு உட்கார்ந்திருக்க, அவளுக்குப் பின்னால் சுவரிலிருந்து தண்ணீர் நிதானமாக வடிந்துகொண்டிருந்தது. வாணி ஓரமாகப் போய் நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். அதே ஒரு விரல்தான், கூடவில்லை. திரும்பி வந்து பந்தல் கால்களைக்கூடப் பார்க்காமல் பெண்ணின் முகத்தைப் பார்த்து வளையல் போட்டாள்.

சாப்பாடானதும் பின்னறையில் பிரியதர்ஷினி படுத்திருந்த கட்டிலுக்குக் கீழே, பாயில் வாணியும் கண்ணயர்ந்துவிட்டாள். கையிரண்டையும் கன்னத்துக்கு அடியில் வைத்திருந்தாள். வெளியே துளைகள் சொட்டுகிற சத்தம். அவள் எழுந்ததும், "கனவுல சுவர் வந்துச்சாடி?" என்று கேட்டேன்.

"வந்துச்சு" என்றாள். "நான் பிடிக்கல. அதுவே நின்னுச்சு."