அண்ணை விரல் வைத்த சிவப்பு விளக்கு

"தம்பி, கார் திரும்ப நிண்டிட்டுது. சண்டிலிப்பாய்க்குக் கொஞ்சம் முன்னாலை தோட்டக் கரையில நிக்கிறம். இவரும் உள்ளுக்கை இருக்கிறார்."

போனில் யோகம் அக்காவின் குரல். நான் கார் வயரிங் வேலை செய்கிறவன். மீற்றர், ஒரு சுருள் தடித்த வயர், மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய ஒரு பற்றரி. புறப்பட்டேன். வழியெல்லாம் புகையிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

அந்தச் சாம்பல் நிற ஏ-40 காரைச் செல்வராசா அண்ணை ஹயருக்கு, வாடகைக்கு, ஓட்டியவர். அளவெட்டியில் பாதிப் பெண்கள் புகுந்த வீடு போனது அதிலேதான் என்று பகிடி சொல்வார்கள். பிறகு அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போனது. அதன்பிறகுதான் அவருடைய மனைவி யோகம் அக்கா கார் ஓட்டப் பழகினார். அக்கா ஓட்ட, அண்ணை பக்கத்துச் சீற்றில் இருந்து இடது கையை டாஷ்போட்டில் வைத்தபடி வருவார். ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போகும் பயணம் அது.

"மகன் கனடாவிலயிருந்து சொல்லிப்போட்டான், இன்னொருக்கா நிண்டால் வித்துப்போடச் சொல்லி. ஓட்டோவுக்கை இவரின்ரை கால் மடங்காது தம்பி. காரும் போனால் இவர் வீட்டுக்கைதான்."

"பதறாதேங்கோ அக்கா. பாப்பம்."

என் பற்றரியை இணைத்து எஞ்சினை எழுப்பினேன். சார்ஜ் ஏறினால் மீற்றர் பதினாலு வோல்ற்றுக்குக் கிட்ட வரவேண்டும். பன்னிரண்டிலேயே நின்றது. பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவைக் கழற்றி யாரோ ஒல்ரனேற்றர் பூட்டியிருந்தார்கள். அது நன்றாகத்தான் சுற்றியது. எஞ்சினை நிறுத்தி, சாவித் துவாரத்தில் திறப்பை மறுபடி திருப்பினேன். டாஷ்போட்டில் சார்ஜ் விளக்கு எரியவில்லை. பின்னால் விரலை விட்டுத் தடவினேன். வெறும் ஹோல்டர்.

"அக்கா, இந்தச் சிவப்பு பல்ப் எங்கை?"

அக்கா தோட்டத்தைப் பார்த்தார்.

"நான்தான் கழட்டினனான். ஒல்ரனேற்றர் போட்ட நாளிலயிருந்து அது ஓடேக்கையும் மங்கலா எரிஞ்சுகொண்டே இருந்தது. இவர் அதைக் காட்டித் தட்டுவார், என்ரை கையைப் பிடிச்சு நிப்பாட்டுவார். வருத்தத்தாலை அடம்பிடிக்கிறார் எண்டு நினைச்சன்."

"அந்த பல்ப் சும்மா காட்டுறதுக்கு மட்டுமில்லை அக்கா. திறப்பைத் திருப்பேக்கை அதுக்குள்ளாலை போற சின்னக் கரண்ட்தான் ஒல்ரனேற்றரை எழுப்புறது. பல்ப் இல்லாட்டி அது வெறுமனே சுத்தும்."

"அப்ப முதல்ல மங்கலா எரிஞ்சது?"

ஒல்ரனேற்றரிலிருந்து பற்றரிக்குப் போன வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். டைனமோ காலத்து மெல்லிய வயர். அதையே விட்டிருந்தார்கள். நுனியில் உறை உருகிக் கறுத்திருந்தது.

"இவ்வளவு சார்ஜை இந்த வயர் தாங்காது. வழியிலேயே குறைஞ்சுபோகும். அதாலைதான் விளக்கு மங்கலா எரிஞ்சது. அண்ணை சரியாத்தான் காட்டியிருக்கிறார்."

அக்கா காரைச் சுற்றி இடப்பக்கம் போனார். கதவைத் திறந்து அண்ணையின் கையைப் பிடித்தார்.

"இஞ்சேருங்கோ. நீங்கள் சொன்னனீங்கள். நான்தான் கேக்கேல்லை."

அண்ணை பாதி வாயால் சிரித்தார். கையை மெல்ல விடுவித்து, பல்ப் இல்லாத ஓட்டையை விரலால் இரண்டு தரம் தட்டினார். எனக்கு வேலை சொல்கிறார்!

பழையதற்குப் பதிலாகத் தடித்த வயரை இழுத்தேன். கழற்றிய பல்பை அக்கா டாஷ்போட் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். பல்பின் ஒரு பக்கத்தை இக்னிஷனுக்கும் மறுபக்கத்தை ஒல்ரனேற்றரில் விளக்குக்கென்று இருக்கும் 'எல்' முனைக்கும் கொடுத்தேன். அக்கா திறப்பைத் திருப்பினார். குங்குமம் போல முழுச் சிவப்பு. எஞ்சின் எழும்பியதும் சுத்தமாக நூர்ந்து அணைந்தது. மீற்றரில் பதினாலு.

அண்ணை கையை முன்னால் வீசினார்.

"ஓம், ஓம், போறன். ஹயர் பிடிக்கிற அவசரம் இன்னும் போகேல்லை" என்று அக்கா கியரைப் போட்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சார்ஜ் விளக்கு தொந்தரவு செய்கிறது என்று யாராவது வந்தால் பல்பைக் கழற்றாதீர்கள். காரில் கூட வருகிறவரையும் கேளுங்கள். அவர் பேசமாட்டாதவர் என்றால், அவருடைய விரல் எங்கே போகிறதென்று பாருங்கள்.

யோகம் அக்கா இப்போது திறப்பைத் திருப்பியவுடன் ஸ்ராட் பண்ணுவதில்லை. சிவப்பைப் பார்த்து அண்ணை தலையாட்டும்வரை காத்திருக்கிறார்.