வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடும் மாடித் தொட்டியும்

ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த என் அப்பா, புதிதாகச் சேரும் பயிற்சியாளர்களிடம் ஏதோ ஒன்று சொல்வார். "மொதல்ல ஒன் கைய..." என்று ஆரம்பிக்கும். மிச்சம் மறந்துவிட்டது. பதினெட்டு வருஷம் வெளிநாட்டில் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு ஆவடிக்குத் திரும்பி வாத்தியாரான எனக்கு அந்த மிச்சம்தான் தேவைப்பட்டது. வாத்தியார் வேலையிலேயே கஷ்டமானது சும்மா நிற்பதுதான் என்று வகுப்பெடுத்தவர்களுக்குத் தெரியும்.

வானிலை நிலையம்

ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடை 'புராஜெக்ட்'டுக்கு என்று தலைமையாசிரியையிடம் கெஞ்சி வாங்கியிருந்தேன். வானிலை நிலையம் செய்வோம் என்று போர்டு நிறையப் படம் போட்டேன். வெள்ளானூரிலிருந்து வரும் ஸ்டெல்லா ஜன்னலைக் காட்டினாள். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, சைக்கிள் ஸ்டாண்டெல்லாம் சேறு.

"சார், மழை வர்றது இருக்கட்டும். தொட்டி ரொம்புனா மணியடிக்கிற மாதிரி பண்ணலாமா?"

மிதவை

தண்ணீரோடு மேலே ஏறி மணியின் சுவிட்சைத் தட்ட, மிதக்கிற பொருள் ஒன்று வேண்டும். அறுந்த ஹவாய் செருப்பை வெட்டி, ஒயர் கட்டி, பிள்ளைகள் கொண்டு வந்தார்கள். என்ன மூளை என்று நான் பூரித்துப்போனேன். மோட்டார் போடும் வாட்ச்மேன் ஏழுமலை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், புள்ளைங்க குடிக்கிற தண்ணி கீது. அதுல போயி செருப்ப வுடுறீங்களே!"

அடுத்த வாரம் செருப்புக்குப் பதில், மூடி இறுக்கிய காலி பாட்டில்.

திங்கட்கிழமை

தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை மணி அடிக்காவிட்டால் அந்தப் பீரியட் கணக்குக்குப் போய்விடும். சனிக்கிழமை தனியாக மாடியேறிப் பார்த்தேன். ஒயர் கொசகொசவென்று தொங்கிக்கொண்டிருந்தது. மனசு கேட்கவில்லை. வெட்டி, இழுத்து, அழகாகப் பற்றவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை எல்லோரும் மாடியில் கூடியிருக்க, ஏழுமலை மோட்டாரைப் போட்டார். தண்ணீர் ஏறியது, மணி அடிக்கவில்லை. தொட்டி வழிந்து தலைமையாசிரியையின் செருப்பு நனைந்தது. "கணக்கு சாரை வரச் சொல்லிடவா?" என்றார். நாற்பது பிள்ளைகளும் ஸ்டெல்லாவைப் பார்த்தார்கள். அவள் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தாள்.

"யாரு சார் இத இழுத்துக் கட்டுனது? பாட்டில் மேல ஏறணும்னுதான ஒயர லூசா வுட்டோம்!"

நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவள் என் அழகான வேலையைப் பிரித்து, பழையபடி நீளமாக ஒயர் கட்டினாள். பாட்டில் ஏறியது. மணி அடித்த அடியில் பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தலைமையாசிரியை சிரித்துவிட்டார்.

"பீரியட் அவங்களுக்கே இருக்கட்டும் சார். நீங்க மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மறுநாள் கருவி அலமாரிச் சாவியை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு, அப்பா சொன்னதன் மிச்சம் ஞாபகம் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.