கொக்கி எந்தப் பக்கம்

அந்த அருங்காட்சியகத்தில் அவளை எல்லோரும் புள்ளி என்றுதான் கூப்பிட்டார்கள். கேலி இல்லை, அவள் வேலையே புள்ளி வைப்பதுதான். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் காகிதத்தில் புள்ளி வைப்பதுமாக, கண்ணுக்கே தெரியாத சிலந்தியை உள்ளங்கை அகலத்துக்கு எழுப்பி உட்கார வைத்துவிடுவாள். பதினோரு வருடப் பிழைப்பு. பதினோரு வருடமும் தற்காலிகம்தான். வருடா வருடம் டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் நாற்காலி. அப்படிப்பட்டவளுக்குப் பயம் கூடவே குடியிருந்தது என்றால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? எங்கேயாவது கதவு படீரென்று சாத்தினால்கூட, தான் என்ன தப்புச் செய்தோம் என்றுதான் யோசிப்பாள்.

டாக்டரம்மா முப்பது வருடமாகச் சிலந்திகளை வகை பிரிப்பவர். இன்னும் நாலு மாதத்தில் ஓய்வு. போகிற காலத்தில் அவர் கைக்கு ஒரு புதையல் வந்தது. சருகைச் சலித்து எடுத்த, எள்ளைவிடச் சின்னதான நாலு வகைச் சிலந்திகள். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தறியாத அந்த ஜீவன்கள் செத்த பிறகு சாராயக் குப்பியில் மிதந்தன. மூன்று வகையில் பெண் மட்டும்தான் கிடைத்தது. நாலாவதில் ஒரே ஓர் ஆண். இந்த நாலும் தெரிந்த எந்தக் கூட்டத்திலும் சேராது, இது தனிப் பேரினம் என்று டாக்டரம்மா எழுதினார். ஊரில் அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு குடும்பத்தையே கண்டுபிடித்த மாதிரி. முப்பது வருடத்தில் அவர் பெயர் சொல்ல வந்த முதல் பேரினம் அதுதான்.

எல்லாம் அந்த ஒற்றை ஆணின் கையை நம்பித்தான். ஆண் சிலந்திக்கு முகத்தருகே இரண்டு குட்டிக் கைகள் உண்டு. நுனி உப்பியிருக்கும், அதில் ஒரு கொக்கி இருக்கும். பழைய உறவுக்காரச் சிலந்திகளுக்கெல்லாம் கொக்கி உள்பக்கம். இதற்கு மட்டும் வெளிப்பக்கம். புள்ளி வரைந்த படத்தில் அப்படித்தான் இருந்தது.

டாக்டரம்மாவின் கட்டுரை அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க வேண்டிய தாள்கள் திங்கட்கிழமை காலை வந்தன. மாலைக்குள் சரி என்று பதில் அனுப்ப வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று புள்ளி தன் பழைய உறையைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு தாள்தான் இருந்தது.

சிலந்திக்காரர்களுக்கு ஒரு வழக்கம், வரைந்தால் இடது கையைத்தான் வரைவார்கள். இடது இல்லையென்றால் வலதை வரைந்து, தாளைக் கவிழ்த்து, விளக்குக்கு மேல் வைத்து இன்னொரு தாளில் திருப்பி எடுக்க வேண்டும். திருப்பாமல் விட்டால் உள்பக்கக் கொக்கி வெளிப்பக்கமாகத் தெரியும். போன வருடம் அந்த ஆணின் இடது கையைக் கழற்றும்போது, அந்தப் பாழாய்ப் போன கை ஊசி நுனியிலிருந்து துள்ளிக் காணாமல் போனது. மேசை, மடி, தரை என்று பூதக்கண்ணாடியோடு தவழ்ந்தாள். தூசிக்குள் தூசியைத் தேடினால் கிடைக்குமா? யாரிடமும் மூச்சு விடாமல் வலது கையை வரைந்தாள். பாதியில் பள்ளிக்கூடத்திலிருந்து போன், மகளுக்கு நெருப்பாய்க் கொதிக்கிறது என்று. ஓடினாள். நாலு நாள் கழித்து வந்து மை போட்டாள். திருப்பினாளா? திருப்பியிருந்தால் இரண்டு தாள் இருக்க வேண்டுமே! ஒன்றைக் கிழித்துப் போட்டிருப்பாளோ? மண்டையை உடைத்துக்கொண்டாள், ஞாபகம் வரவில்லை. குப்பியை எடுத்துப் பார்க்கலாமென்றால் அலமாரிச் சாவி டாக்டரம்மாவிடம். கேட்டால் எதற்கு என்பார்.

சாப்பாட்டு நேரத்தில் புருஷனுக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னாள்.

"அட போடி! எள்ளு மாதிரி பூச்சி. அதுக்குக் கொக்கி எந்தப் பக்கம் இருந்தா என்ன, சட்டையா மாட்டப் போகுது? வாயை மூடிட்டு இரு. நாலு மாசத்துல அந்தம்மா வீட்டுக்குப் போயிடும்."

"அப்புறமா யாராவது குப்பியைத் திறந்து பாத்தா?"

"பாக்கும்போது பாத்துக்கலாம்."

அவனுக்கென்ன, சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். இங்கே இவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. சொன்னால் டாக்டரம்மாவின் பேரினமும் போச்சு, தன் நாற்காலியும் போச்சு. சொல்லாவிட்டால், எவனோ ஒருவன் என்றோ ஒருநாள் பார்த்துவிட்டு, இடது வலது தெரியாத அம்மா என்று அந்த மனுஷி பெயரை நாறடிப்பான். மூன்று மணிக்கு டாக்டரம்மா அறைக்குப் போனாள்.

"என்ன புள்ளி, வாசல்லயே நிக்கற?"

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உளறிக் கொட்டினாள். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. எழுந்து கதவைச் சாத்தினார். அலமாரியைத் திறந்து, தட்டுகளை விரலால் எண்ணி எண்ணிக் குப்பியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நீயே பாத்துச் சொல்லு."

"ஐயோ, நீங்க பாருங்க மேடம். தப்புப் பண்ணினவளே நான்தானே."

"என்னால முடியாதும்மா." குரல் இறங்கிவிட்டது. "ஒரு வருஷமாச்சு. ரெண்டு கண்ணுலயும் நடுவுல புகை மூட்டம், ஓரம்தான் தெரியுது. வெளியில தெரிஞ்சா அன்னைக்கே அனுப்பிடுவாங்கன்னு பயந்து யார்கிட்டயும் சொல்லல. உன் படத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துத்தான் எழுதினேன். பூச்சியை நான் பாக்கவே இல்ல, புள்ளி."

இவ்வளவு நாள் யாரைக் கண்டு நடுங்கினாளோ அவரும் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"வெளிப்பக்கம்னு நீ சொன்னா இப்பவே சரின்னு அனுப்பிடலாம். உள்பக்கம்னா நிறுத்திடலாம். நீ சொல்றதுதான்."

புள்ளி சிலந்தியைக் கிண்ணத்தில் இறக்கி, மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்பினாள். ‘வெளிப்பக்கம்’ என்ற ஒரு சொல் போதும். அவருக்குப் பேரினம், இவளுக்கு நாற்காலி, கேட்க நாதியில்லை. காட்சி கலங்கி, பிறகு தெளிந்தது. மிச்சமிருந்த வலது கை. அதன் கொக்கி முகத்தைப் பார்த்து வளைந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மூன்றாம் முறையும் பார்த்தாள்.

"உள்பக்கம் மேடம்."

"நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவை பாத்துட்டேன். மன்னிச்சிடுங்க மேடம்."

டாக்டரம்மா தாள்களை அடுக்கினார், மறுபடி கலைத்தார், மறுபடி அடுக்கினார். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நிறுத்தச் சொல்லி நீயே டைப் பண்ணு, எனக்கு எழுத்து தெரியல," என்றார். "முடிச்சிட்டு அந்த மூணு பொண்ணுங்களையும் எடு. அதுங்க எந்த வீட்டுப் பிள்ளைங்கன்னு முதல்லேருந்து பாக்கணும். நீ பாத்துச் சொல்லு, நான் எழுதறேன்."

"நான் மறுபடியும் தப்பாச் சொல்லிட்டா?"

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் டாக்டரம்மா.

பதினோரு வருடமாகத் தன் தப்பை இவர் கண்டுபிடித்துவிடுவாரோ என்றுதான் பயந்தாள். இனிமேல் கண்டுபிடிக்க யாரும் இல்லை. அடுத்த குப்பியைத் திறந்து, ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.