நீலத்தைக் கழுவிய தண்ணீர்

1998 மே மாதம், தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்துக்குக் காவல்துறை முத்திரையோடு ஒரு ஜாடி வந்தது. உள்ளே ஃபார்மலினில் மிதந்தது ஆண்டனியின் இதயம். வயது முப்பத்தாறு. துபாயில் கட்டட வேலை பார்த்தவர், விடுமுறையில் வந்த நான்காம் நாள் சாப்பாட்டின் முன்னாலேயே சரிந்து இறந்துபோனார். சோறு போட்டவள் மனைவி ஜெனிட்டா. ஊருக்கு அது போதுமாக இருந்தது. என்னத்தையோ கலந்துவிட்டாள் என்று மாமியார் புகார் எழுதிக் கொடுத்தார். கணவன் இல்லாத மூன்று வருஷமும் அவள் தனியாகக் கடைத்தெருவுக்குப் போனதும், எஸ்.டி.டி. பூத்தில் சிரித்துப் பேசியதும் சாட்சியங்களாகச் சேர்ந்தன. புருஷன் செத்த அன்றே பெண்டாட்டியைக் கொலைகாரி ஆக்குவதில் இந்த நாட்டில் எந்த மதமும் எந்தச் சாதியும் பின்தங்கியதில்லை.

விஷப் பரிசோதனை முடிவு வர மாதங்கள் ஆகும். அதுவரை இன்ஸ்பெக்டர் காத்திருக்கத் தயாராக இல்லை. இதயத்தில் நோய் இருந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் கைது என்று சொல்லிவிட்டார்.

அந்த இதயம் தங்கம்மாளின் மேசைக்கு வந்தது. நீடாமங்கலம் பக்கத்தில் நாற்றுப் பறித்த கூலிக் குடும்பத்தின் மகள், அந்தத் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். பதினைந்து வருஷமாக டெக்னீஷியன். திசுவை மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லிய சீவல்களாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது அவள் வேலை. பார்த்துச் சொல்வது டாக்டர் சிங்கராயர்.

ரத்தக்குழாய் சற்றே குறுகியிருந்தது. அது மட்டும் போதாது. முன்பே மாரடைப்பு வந்து இதயத்தில் பழைய காயம் இருந்தால் செத்த தசையின் இடத்தில் நார் வளர்ந்து தழும்பாகியிருக்கும். வழக்கமான சாயத்தில் தசையும் நாரும் ஒரே இளஞ்சிவப்பு. மூவண்ணச் சாயம் ஏற்றினால்தான் தசை சிவப்பாகவும் நார் நீலமாகவும் பிரியும். அதில் கோமோரி, மேசன் என்று பல முறைகள் உண்டு.

"கோமோரி போடு தங்கம்மா. ஒரே கலவை, அரை மணியில முடியும். இன்ஸ்பெக்டர் ரெண்டு தரம் போன் பண்ணிட்டாரு" என்றார் டாக்டர்.

"சின்னச் சின்னத் தழும்பா இருந்தா அதுல தெளிவு பத்தாது சார்."

"வான் கீசன் சாயம்?"

"அது நாளாக வெளிறிப்போகும். இது கோர்ட்டுக்குப் போற ஸ்லைடு. மேசன் போடுறேன். ராத்திரி முழுக்க ஊறணும், காலையில வாங்க."

மேசன் முறையில் நாருக்கு நீலத்துக்குப் பதிலாகப் பச்சையும் போடலாம். தங்கம்மாள் போட்டதே இல்லை. டாக்டருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. அவர் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

மறுநாள் டாக்டர் நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"நீலமே இல்லையேம்மா. தழும்பு இல்லைன்னு எழுதிடுறேன்."

பேனா மூடியைத் திறந்துவிட்டார். தங்கம்மாள் குனிந்து தானும் பார்த்தாள்.

"சார், ரத்தக்குழாயைச் சுத்தி நார் உறை இல்லாத மனுஷன் உண்டா?"

"எப்படி இருப்பான்?"

"இதுல அதுவும் வெளுப்பாத்தான் இருக்கு."

டாக்டர் மறுபடி பார்த்தார். பேனாவை மூடினார். "அப்ப இதயம் பொய் சொல்லலை. நம்ம சாயம்தான் பொய் சொல்லுது."

"நாளை சாயந்திரம் வரைக்கும் டயம் குடுங்க."

சாயங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எடை சரி, புட்டி புதுசு, நேரம் சரி. பிடிபடவில்லை. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தாள். சோறு மஞ்சளாக இருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லாத கோடையில் அந்தப் பக்கத்து வீடுகளில் போர் தண்ணீர்தான் உலையில் ஏறும். அதில் வெள்ளை அரிசியும் மஞ்சளாகத்தான் வேகும். இரண்டு வாய் தின்றவள் டப்பாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். கோடையில் அதே போர் தண்ணீர் வரும் பரிசோதனைக் கூடத்துக் குழாயைத் திறந்து லிட்மஸ் காகிதத்தை நீட்டினாள். சிவப்புக் காகிதம் நீலமாகிப்போனது. தண்ணீரில் காரம்.

வழக்கமான சாயத்துக்குக் காரத் தண்ணீர் நல்லது, நிறம் சீக்கிரம் ஏறும். அதனாலேயே கோடையில் எல்லாவற்றையும் குழாயில் அலசிப் பழகியிருந்தாள். டிஸ்டில்டு வாட்டர் எடுக்கும் வடிநீர்க் கருவி கெட்டு இரண்டு மாதம் ஆகிறது. மேசனின் நீலமோ காரத்தில் நிற்காது, கரைந்து ஓடிவிடும். ஜெனிட்டாவுக்கு இருந்த ஒரே சாட்சியைத் தன் கையாலேயே சாக்கடையில் விட்டிருக்கிறாள்.

சாயப்புட்டி பழசு என்று சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியாது. இவள் ஒரு கண்ணாடியை உடைத்தாலே, "கோட்டாவுல வந்தா இப்படித்தான்" என்று சொல்லக் காத்திருக்கும் வாய்கள் அந்த வராந்தாவில் இருந்தன. மேல்சாதிக்காரர் உடைத்தால் கண்ணாடிதான் மட்டம்.

அவள் நேராக டாக்டரிடம் போனாள்.

"தப்பு என்னுது சார். போர் தண்ணியில அலசிட்டேன்."

அவர் எழுதாமல் வைத்திருந்த அறிக்கையைப் பார்த்தார். "நான் கையெழுத்தே போட்டிருப்பேனே" என்றார். பிறகு, "சாப்பிட்டியா? முதல்ல சாப்பிடு" என்றார்.

தெருமுனை சேக் தாவூது பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கும்.

"ரெண்டு கேன் குடுங்க பாய்."

"எந்த வண்டிக்கும்மா?"

"வண்டிக்கு இல்லை. ஒரு ஆளோட இதயத்துக்கு."

"ஓடுமா?"

"நின்னு போச்சு. ஏன் நின்னுச்சுன்னு பாக்கணும்."

அவர் மூன்றாவதாக ஒரு கேனையும் எடுத்து வைத்தார்.

ஒரே மெழுகுக் கட்டியிலிருந்து இரண்டு சீவல்கள். ஒரே சாயம், ஒரே நேரம். ஒன்றைக் குழாய்த் தண்ணீரில் அலசினாள், மற்றதை வடிநீரிலும் நீர்த்த அசிட்டிக் அமிலத்திலும். மறுநாள் சாயந்திரம் இரண்டையும் அருகருகே வைத்தாள். முதலாவது வெளுப்பு. இரண்டாவதில் ரத்தக்குழாயைச் சுற்றி நீல வளையம் தெரிந்தது. அதைத் தாண்டி, சிவப்புத் தசைக்கு நடுவே, வரப்பு உடைத்துப் பாய்ந்த தண்ணீர்போல நீலம் திட்டுத் திட்டாகக் கிடந்தது.

"ரெண்டு மாசத்துக்கு மேலான தழும்பு" என்றார் டாக்டர். இரண்டு ஸ்லைடையும் சேர்த்தே அறிக்கையோடு அனுப்பினார். ஏன் இரண்டு என்பதையும் மறைக்காமல் எழுதினார். கைது நடக்கவில்லை. வெகுநாள் கழித்து வந்த விஷப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை.

அதற்கு முன்பே, ஜூன் கடைசியில், ஜெனிட்டா பரிசோதனைக் கூடத்துக்கு வந்தாள்.

"அவரோட இதயத்தை நான் பாக்கலாமாக்கா?"

தங்கம்மாள் டாக்டரைப் பார்த்தாள். அதே மெழுகுக் கட்டியில் எடுத்த இன்னொரு சீவல் அலமாரியில் இருந்தது. "நான் டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று அவர் வெளியே போனார்.

ஜெனிட்டா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள்.

"இந்த நீலமாக்கா?"

"ம். துபாய்லயே ஒரு தடவை மாரடைப்பு வந்திருக்கு. அவருக்கே தெரிஞ்சிருக்காது."

"பிப்ரவரியில போன் பண்ணாரு. நெஞ்செரியுதுன்னாரு. லீவு கேட்டா சம்பளத்தைப் பிடிப்பாங்களாம். மோரு குடிங்கன்னு சொன்னேன். பூத்துல கூட்டமா நின்னாங்க, போனை வச்சிட்டேன்." அவள் கண்ணை எடுக்கவில்லை. "அவங்க சொன்ன மாதிரி நான்தான் கொன்னுட்டனாக்கா?"

"சும்மா இரு. லீவு குடுக்காதவன் கொன்னான். டாக்டர்கிட்ட அனுப்பாதவன் கொன்னான். மோரு யாரையும் கொல்லலை."

ஜெனிட்டா அழுதாள். தங்கம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள். கண்ணீர் படாத தூரத்துக்கு ஸ்லைடை நகர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.