உமிச்சாம்பல் மைதானம்

தோளைத் தூக்க முடியவில்லை என்று போன மாதம் பிசியோதெரபிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கே வேலை செய்கிற பெண் என் கையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துக்கொண்டே வந்தவள், திடீரென்று நிறுத்தி என் மோதிர விரலைத் திருப்பிப் பார்த்தாள். அதன் நுனி மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

“இது எப்ப சார் ஒடஞ்சுது?”

“கதவுல மாட்டிக்கிச்சும்மா.”

ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவள் மேசை மேல் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே நாலு பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். உங்களிடம் அந்த அவசரம் இல்லை, சொல்கிறேன்.

அவள் கையில் தேய்த்த எண்ணெயில் விளக்கெண்ணெய் வாசனை இருந்தது. எனக்கு விளக்கெண்ணெய் என்றால் வாலிபால்தான். அந்தக் காலத்துப் பந்து தோல் பந்து. மேலே ஒரு கீறல் வைத்து, ஷூவுக்குக் கட்டுவதுபோல் நாடா போட்டு இறுக்கியிருக்கும். மழையில் நனைந்தால் பூசணிக்காய்போல் கனக்கும், காய்ந்தால் விறைத்துக்கொள்ளும். அதனால் வாரம் ஒருமுறை விளக்கெண்ணெய் தடவி வைப்போம். வீட்டில் தலைக்கு எண்ணெய் இல்லாத நாளிலும் பந்துக்கு எண்ணெய் இருந்தது. அம்மா இதைச் சொல்லித் திட்டாத நாள் இல்லை.

பொன்னேரியில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு ரைஸ் மில். அதன் பின்பக்கம்தான் எங்கள் மைதானம். மில்லில் எரித்த உமிச் சாம்பலைக் கொட்டிக் கொட்டி நிரவிய இடம், தரை கறுப்பாக மெத்தென்றிருக்கும். விழுந்தால் அடிபடாது, ஆனால் எழுந்து நிற்கும்போது முகம் தெரியாது. முழங்கால் வரைக்கும் கரியோடு வீட்டு வாசலில் நிற்பேன். “ஊட்டுக்குள்ள கால வெச்சே, ஒதைப்பேன். கழுவினு வா!” என்று அம்மா உள்ளேயிருந்தே கத்துவாள். எப்படித்தான் தெரியுமோ!

எங்கள் வலையும் கடையில் வாங்கியதில்லை. பழவேற்காட்டிலிருந்து படிக்க வந்த பையன் ஒருவன் எங்களோடு ஆடினான். அவன் வீட்டில் மீன் பிடிக்கிறவர்கள், அவர்கள் முடிந்து கொடுத்த வலை அது. புதிதாகக் கட்டிய அன்று பூனை ஒன்று வந்து அதன் கீழே படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

அந்த மில்லில்தான் என் நைனா வேலை பார்த்தார், நெல் வேகவைக்கிற இடத்தில். மில் முதலாளிக்கு ஆட்டம் பார்க்கப் பிடிக்கும். பந்து அவர் வாங்கித் தருவார். சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். நைனா மட்டும் வந்ததில்லை. நாங்கள் ஆடுகிற நேரம் அவர் அடுப்படியில் நிற்கிற நேரம். இடையில் ஒரு செங்கல் சுவர்தான்.

நான் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். ‘லிப்ட்’ என்போம். அதை வலைக்கு மேலே எழும்பி அடிப்பவன் ஆரோக்கியம். அவனுடைய அப்பாவும் அம்மாவும் ஆரணிப் பக்கம் கழனி வேலைக்குப் போகிறவர்கள். பட்டுப்புடவை ஆரணி இல்லை, இது எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆரணி. அங்கேயிருந்து தினமும் யாரோ ஒருவருடைய சைக்கிளில் தொற்றிக்கொண்டு வந்துவிடுவான். ஒல்லி, நெட்டை, செருப்புக்கூடக் கிடையாது. ஆனால் எழும்பினான் என்றால் ஒரு கணம் மேலேயே நின்றுவிட்டதுபோல் இருக்கும். நான் அவனைப் பார்க்கவே மாட்டேன். சாம்பலில் அவன் பாதம் பதிகிற சத்தம் வரும், விரல் நுனியில் பந்தை ஏந்தி அந்தச் சத்தத்துக்கு மேலே விடுவேன். பிறகு ‘டப்’பென்று எதிர்ப்பக்கம் தரையில் விழுகிற ஓசைதான். எனக்கு அந்த வயதில் வேறொன்றும் சரியாக வராது. கணக்கு வராது, பேச்சு வராது. இது வந்தது.

டோர்னமென்ட் என்றால் திருவள்ளூர்ப் பக்கம் போவோம். ஆடி மாதத்தில் பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? வேப்பிலைக்கு நடுவில்தான் ஆட்கள் இருப்பார்கள். பூசணிக்காய்போல் பந்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மாள், “இன்னா நைனா, வேண்டுதலா?” என்று கேட்டாள். ஆரோக்கியம் சட்டென்று, “ஆமாம்மா, ஜெயிச்சா ஒடைக்கறோம்” என்றான்.

அன்று திருப்பாச்சூரில் ஜெயித்தோம். அந்த ஆட்டத்தில்தான் விரல் போனது. எதிர் அணிக்காரன் அடித்த பந்தைத் தடுக்கப்போய் விரல் மடங்கிவிட்டது. ஆரோக்கியம் ஓடிவந்து, என் கையைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டு விரலை ஒரே இழுப்பாக இழுத்தான். “கத்தாதடா, அவனுங்க பாக்கறானுங்க” என்றான். கத்தாமல் ஆடி முடித்தேன். பிறகு ஒரு மரத்தின் பின்னால் போய் நன்றாகக் கத்தினேன்.

அங்கே மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை போட்டுக் கொடுத்த காலம் அது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் தனியே கூப்பிட்டார்.

“ரெண்டு பேரும் ஜோடியா வந்துடுங்க தம்பி. நாலஞ்சு மாசம் எங்க கிரவுண்டுல பிராக்டீஸ். சோறும் தங்க எடமும் குடுத்துடுவோம். சம்பளம் வேலை போட்ட பொறவுதான்.”

திரும்பி வரும் பஸ்ஸில் நாங்கள் பேசவே இல்லை. பேசினால் கலைந்துவிடும் என்று இரண்டு பேருக்குமே பயம்.

ஆனால் அந்தச் சமயத்தில் வீடு வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. மழை சரியாக இல்லை, நெல் வரத்து குறைந்தது. மில் முதலில் பாதி நாள் ஓடியது, பிறகு நின்றே போயிற்று. முதலாளி நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார். பல வருஷம் தூசியும் புகையும் குடித்த நைனாவுக்கு இருமல் நெஞ்சில் தங்கிவிட்டது. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். அம்மா கடலை உடைக்கப் போனாள். ராத்திரி சோறு கஞ்சியாயிற்று. பிறகு அந்தக் கஞ்சியும் தண்ணீராயிற்று. அம்மா சாப்பிடும்போது யாரும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டாள்.

மெட்ராஸ் சங்கதியை நைனாவிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. “போடா! நாலு மாசந்தானே? நான் பாத்துக்கறேன். நீ ஒண்ணும் ரோசன பண்ணாத” என்றார். அம்மா முறத்திலிருந்த கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் ரயில்வே கூட்ஸ் ஷெட் பக்கமாகப் போனேன். மூட்டை இறக்குகிறவர்கள் வரிசையில் நைனா இருந்தார். பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னது இதைத்தான். யாரோ அவர் முதுகில் ஒரு மூட்டையை வைத்தார்கள். பலகையில் ஏறி நடந்தார், பாதி வழியில் இருமல் வந்துவிட்டது. மூட்டை சரிந்து கீழே விழுந்தது. அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “பெரிசு, நீ போ. ஒனக்கு ஆவாது” என்று தண்ணீர் கொடுத்தார். நைனா அந்தச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

என்னை அவர் பார்க்கவில்லை. நான் அப்படியே ஸ்டேஷனுக்குப் போய், கும்மிடிப்பூண்டி போகிற வண்டியில் ஏறினேன். அங்கே அப்போதுதான் புதிதாகத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. கேட்டுக்கு வெளியே ஆட்களை நிறுத்தி வைத்து, கையைக் காட்டு, தோளைக் காட்டு என்று பார்த்து உள்ளே எடுப்பார்கள். பழைய இரும்பைக் காய்ச்சிக் கம்பி இழுக்கிற ஒரு இடத்தில் என் கையைப் பார்த்தவர், “நீட்டு வெரலு. கொறடு நல்லா புடிப்பான்” என்றார். எடுத்துக்கொண்டார்கள்.

மெட்ராஸ் போகிற நாளன்று ஆரோக்கியம் பொன்னேரி ஸ்டேஷனில் ஒரு மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தான்.

“இன்னாடா, பையி எங்க?”

“நான் வர்லடா. கும்மிடிப்பூண்டில வேலைக்கி சேந்துட்டேன்.”

அவன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். “அந்தாளு ஜோடியாத்தானே வரச் சொன்னாரு?”

“அங்க நல்ல லிப்டரு இருப்பான்டா.”

“இருப்பான். அவன எனக்குத் தெரியாதே?”

என் கேன்வாஸ் ஷூவை ஒரு பேப்பரில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். அவனுக்குச் சொந்தமாக ஷூ இல்லை. வாங்கிக்கொண்டவன், “ஒனக்கு வேணாமா?” என்றான். “நெருப்பு மேல இத்தப் போட்டுக்கினு நடக்க முடியாதுடா” என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வண்டி வந்தது, போய்விட்டான்.

எனக்குப் பெரும்பாலும் மத்தியான ஷிஃப்ட். போகும்போது வெயில், வரும்போது இருட்டு. என் வாழ்க்கையிலிருந்து சாயங்காலம் என்கிற ஒன்றையே யாரோ கத்தரித்து எடுத்துவிட்டதுபோல் இருந்தது. வேலைக்குப் போகிற பாசஞ்சர் வண்டி மில்லைத் தாண்டித்தான் போகும். நான் எதிர்ப்பக்கத்து ஜன்னலில் உட்காரப் பழகிக்கொண்டேன். ஒரு தரம் அந்தப் பக்கத்தில் இடமே இல்லை. மைதானம் வெயிலில் காலியாகக் கிடந்தது. இரண்டு கம்பம் மட்டும் நின்றது.

ஒரு வருஷம் போல ஆகியிருக்கும். லீவு நாளில் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும்போது பையன்கள் ஆடுகிற சத்தம் கேட்டது. சந்தா போட்டு ஒரு பந்து வாங்கியிருந்தார்கள். “அண்ணே! ஒரு கேம் வாண்ணே!” என்று கூப்பிட்டார்கள். பையை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். முதல் பந்து வந்தது. ஏந்தி விட்டேன். விசில் ஊதினார்கள். “டபுள்!” இரண்டு தரம் கையில் பட்டுவிட்டதாம். எனக்குப் பட்டதே தெரியவில்லை. அடுத்ததும் அப்படியே. கையைத் திருப்பிப் பார்த்தேன். குறடு பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் காய்ப்பு, சில இடத்தில் சூடு பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. பந்து வந்து உட்கார்ந்தால் விரலின் தோல் சொல்லும் அல்லவா, அது சொல்லவில்லை. மூன்றாவது பந்துக்கு அந்தப் பையன்கள் பார்த்தும் பார்க்காததுபோல் விசில் ஊதாமல் விட்டுக்கொடுத்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. “வேலை கீது” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேலைக்குப் போய்விட்டதால் ஆடவில்லை என்றுதான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றோடு அதுவும் முடிந்தது.

ஆரோக்கியத்துக்கு வேலை போட்டுவிட்டார்கள். ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், நீல நிறத்தில் கம்பெனிப் பெயர் போட்ட சட்டையோடு என் வீட்டு வாசலில் நின்றான். “ஞாயித்துக்கெழம மேட்சு. நீ கண்டிசனா வர்ற” என்றான்.

போனேன். மெட்ராஸில் நான்கு பக்கமும் கேலரி வைத்த மைதானம். பெரிய கூட்டம். ஆரோக்கியம் சதை போட்டிருந்தான், புது ஷூ. அவனுக்குத் தூக்கிக் கொடுத்தவன் நல்ல ஆட்டக்காரன், குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் பந்து ஒரு சாண் தாழ்வாக வந்தது. ஆரோக்கியம் மேலே போய் நிற்காமல் பாதியிலேயே குனிந்து அடித்தான். அப்படியும் பாயிண்ட் வந்தது, கூட்டம் கைதட்டியது. ஒவ்வொரு தரம் இறங்கும்போதும் அவன் முட்டி ஒரு பக்கமாக மடங்குவதைப் பார்த்தேன். என்னை அறியாமல் என் இரண்டு கையும் மடியிலிருந்து உயர்ந்து உயர்ந்து இறங்கியிருக்கின்றன. பக்கத்தில் கடலை தின்றுகொண்டிருந்தவர் கேட்டார்: “இன்னா சார், ஆடுவீங்களா?”

“இல்ல சார். சும்மா பாக்கறதுதான்.”

ராத்திரி ஷிஃப்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஆட்டம் முடியுமுன் எழுந்துவிட்டேன். படியில் இறங்கும்போது பின்னால் ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது. எந்தப் பக்கத்துக்கு என்று பார்க்கவில்லை.

முட்டி அவனை நாலைந்து வருஷம்தான் விட்டுவைத்தது. பிறகு கம்பெனியிலேயே ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். எப்போதாவது சந்திப்போம். பிள்ளைகள், சுகர், பென்ஷன் என்று எல்லாம் பேசுவோம். ஆட்டத்தைப் பற்றி மட்டும் அவன் பேசினதில்லை, நானும் பேசினதில்லை.

நைனா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் முடிவில் போனார். கடைசி நாட்களில் சுவரில் சாய்த்து உட்கார வைத்தால்தான் மூச்சு வரும். ஒருநாள் நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோது கேட்டார்: “நீ நல்லா ஆடுவியாமே? மில்லு மொதலாளி அப்பல்லாம் சொல்லுவாரு. நான் ஒரு தபாகூட பாக்கலடா.”

“அதெல்லாம் ஒண்ணும் பெரிசா இல்ல நைனா.”

“பாத்திருக்கணும்” என்றார். பிறகு இருமல் வந்துவிட்டது.

மில் இருந்த இடத்தில் இப்போது வரிசையாகக் குடியிருப்புகள். சாம்பலையெல்லாம் லாரியில் வாரிக்கொண்டுபோய் எங்கோ பள்ளத்தில் கொட்டிவிட்டார்கள். முதலாளி குடும்பம் ஊரைவிட்டே போயிற்று. ஆட்டக்காரனுக்கு வேலை போட்ட அந்த மெட்ராஸ் கம்பெனியையும் எப்போதோ மூடிவிட்டார்கள். எங்களோடு ஆடியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வந்தார்கள். கடைசியாக, போன வருஷம் ஆரோக்கியமும் போய்விட்டான். கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பாவுக்கு நீங்க எப்டிப் பழக்கம்?” என்று கேட்டான். ஒரே ஊர்ப் பக்கம் என்றேன்.

எங்கள் அணியை யாரும் போட்டோ எடுத்ததில்லை. என் மனைவி நான் ஆடிப் பார்த்ததில்லை, பிள்ளைகள் நம்புவதே இல்லை. கல்லறையிலிருந்து வண்டியில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். நான் நன்றாக ஆடியதைக் கண்ணால் பார்த்தவர் என்று, எனக்குத் தெரிந்து, இனி இந்த உலகத்தில் யாரும் இல்லை.