கப்பல் காப்பியும் செங்கல் நிறமும்

அப்பாவுக்குச் சீனி வியாதி வந்த பிறகு நாங்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். இனிப்பைத் தொட்டால் கிட்னி போய்விடும் என்று டாக்டர் மிரட்டியிருந்தார். கருப்பட்டி போடாத காப்பி அப்பாவுக்குத் தொண்டையில் இறங்காது. மனுஷன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

தூத்துக்குடியில் புது ஹார்பர் வந்த புதிது. அப்பா அங்கே கிளார்க். வெளிநாட்டுக் கப்பல் சமையல்காரர் ஒருவர் அவருக்கு ஒரு டப்பா காப்பித் தூள் கொடுத்தார். காப்பியில் உள்ள கெடுதலை எடுத்த தூளாம். எடுத்தது உறக்கத்தைக் கெடுக்கும் சரக்கை மட்டும்தான். டப்பாவில் இருந்ததைப் படித்தே சொன்னேன். கேட்டால்தானே.

"கெடுதல எடுத்தாச்சில்லா, பெறவு என்னளா?" என்று கருப்பட்டியைத் தட்டிப் போட்டு நாலு வேளையும் குடித்தார். அம்மாவும் கூடவே ஒரு தம்ளர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லூரியில் வேதியியல் படித்ததால் வாரா வாரம் அப்பாவின் மூத்திரத்தைச் சோதிப்பது என் வேலை. நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சீனி இல்லை. செங்கல் நிறம் வந்தால் ரொம்ப மோசம்.

"ஞாயித்துக்கிழம உங்க டப்பா வண்டவாளம் தெரிஞ்சிரும்" என்றேன். "பாரேன்" என்று சிரித்தார்.

ஞாயிறு பூசைக்குப் போய் வந்ததும் அவரே மூத்திரச் சீசாவை நீட்டினார். மருந்தில் விட்டுக் கொதிக்க வைத்தேன். நீலம் போய் அப்படியே செங்கல் நிறம். அவ்வளவு சிவப்பை நான் பார்த்ததே இல்லை.

"குடிங்க, இன்னும் நல்லா குடிங்க. எங்கள நடுத்தெருவுல விட்டுட்டுப் போங்க" என்று கத்தினேன்.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "இன்னொருக்கா பாரு" என்றார். மறுபடியும் அதே நிறம்.

"அது என்னோடது இல்லளா" என்றார். "நீ காப்பிய நிறுத்திருவேன்னு உங்க அம்மாவோடத வாங்கி ஊத்தினேன்."

அம்மாவும் விளையாட்டுப்போலக் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் டாக்டர் அம்மாவைப் பார்த்தார். சீனி வந்து பல வருஷம் ஆகியிருக்கும், கிட்னியும் கெட ஆரம்பித்துவிட்டது என்றார். டப்பாத் தூள் இதைக் கொண்டுவரவும் இல்லை, அது இதற்கு மருந்தும் ஆகாது என்றார்.

"இத்தன நாளா ஏன் கூட்டிட்டு வரல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அம்மாதான் பதில் சொன்னாள்.

"கால் வீங்குது, தாகமா எடுக்குதுன்னு சொல்லணும்னுதான் பாத்தேன், ஐயா. வீட்டுல ஒரு சீக்காளி போதும்னு விட்டுட்டேன்."